மேலேறி முடியும் ‘ஏங்க’

என் கடையில் அதிகம் விற்பது பஸ்ஸர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் கிடைத்த இடத்தில் கடை போட்டிருக்கிறேன். யுபிஎஸ், ஆம்ப்ளிஃபயர், கோயில் கொடைக்குக் கட்டும் சீரியல் செட் எல்லாம் ரிப்பேர் பார்ப்பேன். இருந்தாலும் கடையை ஓட்டுவது சுற்றுவட்டார காலேஜ் பிள்ளைகள்தான். கடைசி வருஷத்தில் அவர்கள் புராஜெக்ட் செய்ய வேண்டுமே. கேஸ் கசிந்தால் கத்தும் பெட்டி, தொட்டி நிறைந்தால் கத்தும் பெட்டி, டிரைவர் தூங்கினால் கத்தும் பெட்டி. நாட்டில் எது நடந்தாலும் ஒரு பெட்டி கத்த வேண்டும், அதற்கு மார்க் போடுவார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அதில் கத்துவதற்கு ஒரு பஸ்ஸர்.

சத்தம் எப்படி வருகிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விளக்கம் ரொம்பச் சின்னது. போர்டில் ‘பின்’ என்கிற கம்பிக்கால் ஒன்றில் கரண்ட் கொடுத்தால் ஸ்பீக்கரின் காகிதம் முன்னால் தள்ளும். நிறுத்தினால் பின்னால் வரும். வேக வேகமாகக் கொடுத்து நிறுத்தினால் கீச்சுக் குரல், மெதுவாகச் செய்தால் கட்டைக் குரல். “இம்புட்டுதானா அண்ணாச்சி?” என்பார்கள். “இம்புட்டுதான்” என்பேன். இதில் சந்தோஷப்படவோ வருத்தப்படவோ ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

வீடு ராஜபாளையத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். என் மனைவி அங்கே ஒரு நூல் மில்லில் நூல் சுற்றும் வைண்டிங்கில் வேலை பார்த்தாள், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. மிஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியவர்களுக்கு வீட்டுக்கு வந்தாலும் குரல் இறங்காது. போனில் பேசினால் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வேன். பஞ்சு மார்க்கெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வீட்டில் என்ன சண்டை நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் மாப்பிள்ளையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், அவர் சந்தோஷமாக ஓடி வருகிறார், அது அவர்கள் பாடு. என் வீட்டில் எனக்குப் பெயர் ‘ஏங்க’. அடுப்படியிலிருந்து வரும் ‘ஏங்க’ வேறு, நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது கதவோரத்திலிருந்து வரும் ‘ஏங்க’ வேறு, கோபத்தில் வருவது வேறு. சொல் ஒன்றுதான். ராகத்தை வைத்து நான் எந்த வேகத்தில் எழுந்திருக்க வேண்டும் என்று கண்டுகொள்வேன்.

அந்தக் குரல்தான் முதலில் கம்மியது. பஞ்சு தூசி என்று நினைத்தோம். சுக்கு, பனங்கற்கண்டு, ஆவி பிடிப்பது எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனபோது புற்றுக்கட்டி, தொண்டையில் குரல் பிறக்கும் பெட்டியையே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எடுத்தால் பிழைப்பாள், பேச மாட்டாள். அவளே தலையாட்டி, கையெழுத்துப் போட்டாள். நான் வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நடந்தேன். இனி எப்போதும் கேட்கப் போவதில்லை, கடைசியாக ஏதாவது சொல்வாள் என்று என் காது அவள் வாயிலேயே இருந்தது. கதவு திறந்தது. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, கரகரத்த குரலில் கேட்டாள்: “ஏங்க, மோட்டார் சுவிச்ச அமத்திட்டுத்தான வந்தீக?”

“அமத்தியாச்சு” என்றேன். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அப்போது கோபம்கூட வந்தது. கடைசிப் பேச்சை மோட்டாருக்கா செலவழிப்பது? இப்போது நினைத்தால், வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அது அவள் பேச்சாக இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு கழுத்துக் குழியில் ஒரு ஓட்டை, அதன் மேல் சின்னத் துணி. மூச்சு அதன் வழியாகத்தான். துணி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வீட்டில் இருந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. தாம்பாளத்தை வேண்டுமென்றே கீழே போடுவேன்.

வழிகள் இல்லாமல் இல்லை. கழுத்தில் வைத்துப் பேசும் மிஷின் ஒன்றை ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ரேடியேஷன் கரண்டு வைத்ததில் அவள் கழுத்து கட்டை போல இறுகிப்போயிருந்தது, சத்தம் உள்ளே இறங்கவில்லை. வந்தது வெறும் வண்டு இரைச்சல். அதை டப்பாவில் போட்டுப் பரண் மேல் வைத்துவிட்டாள். மகள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். எழுதினால் அது வாசிக்கும். “தண்ணீர் வேண்டும்” என்று ஒரு பெண் குரல், ரேடியோ செய்தி போல. அதைக் கேட்டதும் என் மனைவி முகம் சுருங்கிவிட்டது. சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: “யாரு இவ, நம்ம வீட்ல?”

மகள் அழுதுகொண்டே சொன்னாள், “அப்பா, அம்மா அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எங்கிட்ட இருக்குல்ல, அதுல இருந்து எடுத்துப் போடலாமே.” என் போனிலும் ஒன்று இருந்தது. வரும்போது மல்லிகைப்பூ வாங்கி வரச் சொன்னது. போட்டுக் காட்டினேன். அவள் போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள். போடாதே என்று கையை ஆட்டினாள். அவள் கண்ணைப் பார்த்தபோது புரிந்தது. போனில் கேட்டது செத்துப்போனவளின் குரல். அந்தச் செத்துப்போனவள் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும் என்றால் எப்படி?

இதற்கு நடுவில் சேத்தூரிலிருந்து அவளுடைய மில் கூட்டாளி ஒருத்தி பார்க்க வந்தாள். இரண்டு பேரும் ஒரே வைண்டிங் வரிசையில் நின்றவர்கள். ‘பாவம், பேச முடியாதவளிடம் என்ன பேசுவாள்’ என்று நினைத்து நான் டீ போட உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் கட்டிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இரண்டு பேரும் வாயசைத்துக்கொண்டிருக்கிறார்கள். சத்தமே இல்லை. கை ஒருபக்கம் சுழல்கிறது, புருவம் ஏறுகிறது, சேத்தூர்க்காரி வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். என் மனைவியின் தோள் குலுங்குகிறது. மில்லில் கத்தினாலும் கேட்காத இடத்தில் நிற்பவர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். ஷிப்ட் முழுக்க ஊர்க்கதை அப்படித்தான் ஓடும். எனக்கு அது தெரியும், ஆனால் தெரியும் என்பதே மறந்துபோயிருந்தது.

டீ டம்ளரோடு நிலைப்படியில் நின்றேன். அவர்கள் பேச்சு நிற்கவே இல்லை.

போகும்போது சேத்தூர்க்காரியிடம் கேட்டேன், “அம்புட்டு நேரம் என்னதான் பேசுனீங்க?”

“அவ நல்லாத்தான பேசுதா” என்றாள் அவள். “எங்களுக்கு மில்லுல கண்ணுதாண்ணே காது. ஒங்களுக்குக் கண்ணு செவிடு.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அப்படியானால் அவளுக்குப் பேச்சு போனது மில்லுக்கு இல்லை, சேத்தூருக்கு இல்லை. என்னிடம் மட்டும்தான் போயிருக்கிறது. பொறாமை என்றால் பொறாமைதான், அதை வேறு பெயரில் சொல்ல நான் தயாராக இல்லை.

நானும் உதட்டைப் படிக்கப் பழகிப் பார்த்தேன். அவள் துப்புவதற்குப் பாத்திரம் கேட்டாள், நான் மாத்திரையை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கிறது, நான் என்ன செய்ய? அவள் தலையில் அடித்துக்கொண்டு முந்தானையில் துப்பினாள். அதைவிடப் பெரிய சங்கடம், உதட்டைப் படிக்க வேண்டுமானால் ஆள் எதிரில் இருக்க வேண்டும். நான் கொல்லையில் இருந்தால், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால், அவளால் என்னைக் கூப்பிட முடியாது. கட்டிலின் கம்பியைக் கரண்டியால் தட்டுவாள். கரண்டிச் சத்தத்துக்கு வர எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கும் தட்டப் பிடிக்கவில்லை. அதனால் தாகத்தை அடக்கிக்கொண்டு நான் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க ஆரம்பித்தாள். ஒருநாள் வறண்ட உதட்டோடு அவள் வாசலைப் பார்த்துக் கிடந்ததைக் கண்டதும், இதற்கு ஒரு வழி செய்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். அவள் என்னைக் கூப்பிட வேண்டும். அவள் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

ஊருக்கெல்லாம் கத்தும் பெட்டி செய்து கொடுக்கிறவன் வீட்டுக்கு ஒன்று செய்ய முடியாதா? போர்டு, பஸ்ஸர், அமுக்குவதற்கு ஒரு பட்டன். அரைமணி நேர வேலை. கட்டிலோரம் மாட்டி, அமுக்கிப் பார் என்றேன். அமுக்கினாள். ‘பீப்’ என்றது. அவள் கை நெருப்பைத் தொட்டது போலப் பின்னால் போனது. வயரைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. சிலேட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்: “ஐசியு.”

அவள் கண் முழித்தபோது கேட்ட முதல் சத்தம் அது. தலைமாட்டில் மிஷின்கள் மாறி மாறி அப்படித்தான் ‘பீப் பீப்’ என்று கத்தியிருக்கின்றன. நான் அதே சத்தத்தை எடுத்துவந்து அவள் கட்டிலில் கட்டியிருக்கிறேன். பஸ்ஸரை வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு விதமாகத் தொடங்கினேன். பழைய டிவியில் கழற்றிய ஸ்பீக்கர், அதற்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். போர்டுக்கு ஒரே சுருதியைக் கொடுத்தால்தானே ‘பீப்’? கீழே தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகச் சொன்னால் இழுவை வரும். ‘ஏ’ என்று இழுப்பது அப்படித்தானே. போட்டுப் பார்த்தேன். பூனை கத்தியது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு என்றால் கழுத்துத் துணி படபடவென்று அடிக்கும், அவ்வளவுதான்.

எங்கே தவறு என்று நானே வாய்விட்டு ‘ஏங்க, ஏங்க’ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஆம்பளை, மனைவி முன்னால் உட்கார்ந்து ‘ஏங்க ஏங்க’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து என் தொண்டையில் இரண்டு விரலை வைத்தாள். ‘ஏங்’ என்று போய் ‘க’ தொடங்குமுன் ஒரு கண்ணிமைப்பு நேரம் தொண்டை அடைத்துத் திறக்கிறது. அந்த இடத்தை விரலால் தட்டிக் காட்டினாள். அங்கே சத்தத்தை ஒரு துளி நேரம் நிறுத்தி வைத்தேன். நிறுத்தத்துக்கு முன்னால் கொஞ்சம் தணித்தேன். மறுபடி அமுக்கினாள். பூனை போய்விட்டது. தகரக் குரல்தான், ஆனால் சொல் வந்துவிட்டது. தகரத்தைக் குறைக்க ஸ்பீக்கரைத் தேங்காய்ச் சிரட்டையில் கவிழ்த்து ஒட்டினேன், சத்தம் உருண்டு வந்தது.

அதற்குப் பிறகுதான் சண்டை. ‘ங்க’ முடியும்போது சுருதி கீழே இறங்க வேண்டும் என்று நான் வைத்திருந்தேன். அவள் கையை மேலே தூக்கினாள். மேலே ஏற வேண்டும். நான் இல்லை என்றேன். இத்தனை வருஷம் கேட்டவன் நான், எனக்குத் தெரியாதா, நீ கூப்பிட்டால் கடைசியில் பொத்தென்று இறங்கும், அதனால்தான் நான் பதறி எழுந்து வருவேன் என்றேன். அவள் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். சொன்னவள் நான். மறுபடி கை மேலே. நான் கீழே காட்டினேன். அவள் சிலேட்டைத் தூக்கி எறிந்தாள். பேச்சில்லாத வீட்டில் நல்ல சண்டை நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கோபம் வந்தாலும் உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கடைசியில் அவள் சொன்னபடியே மேலே ஏற்றினேன். அமுக்கினாள், அமுக்கினாள், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரலைக் காட்டினாள். ஒரு இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள். என் காதுக்கு அது அவள் குரலே இல்லை.

மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்த மல்லிகைப்பூ மெசேஜைப் போட்டேன். யார் சொன்னது சரி என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, என் குணம் அப்படி. “ஏங்க, வாரப்ப மல்லி வாங்கிட்டு வாங்க.” அந்த ‘ஏங்க’ இறங்கித்தான் முடிந்தது. நான் சொன்னதுதான் சரி. ஜெயித்துவிட்டேன் என்று மார்தட்டப் போனவன், அப்படியே சோல்டரிங் அயர்னைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நம் குரல் நமக்கு வெளியிலிருந்து மட்டும் கேட்பதில்லை, எலும்பு வழியாக உள்ளே இருந்தும் கேட்கிறது. டேப்பில் கேட்டால் யாருக்கும் தன் குரல் அந்நியமாகத் தெரிவது அதனால்தான். எலும்பு ஏற்ற இறக்கத்தை மாற்றாதுதான், மனசில் இருப்பது மாற்றும். அவள் ஒன்றும் பொய் சொல்லவில்லை. அவள் காதுக்குள் அந்தச் சொல் மேலே ஏறித்தான் முடிந்திருக்கிறது. அவள் எப்போதும், வருவீர்களா என்று கேட்டிருக்கிறாள். எனக்கு அது, வா என்ற உத்தரவாகவே வந்து விழுந்திருக்கிறது. இத்தனை காலம் ஒரே சொல் எங்கள் இருவர் காதிலும் இரண்டாக இருந்தது என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. அந்நேரம் ரெசிஸ்டர் வாங்க வந்த பிள்ளைகள் ஈயப்புகை என்று நினைத்திருப்பார்கள்.

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சுருதியை மாற்றவும் இல்லை.

சத்தம் சரிதான் என்று உறுதி செய்தது பக்கத்து வீட்டுக்காரர். அது தெலுங்கு பேசும் குடும்பம், கொல்லைச் சுவர் ஒன்றுதான். அந்த அம்மா கணவரை ‘ஏமண்டி’ என்று கூப்பிடுவார். ஒரு காலையில் நான் கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து போர்டு கூப்பிட்டது. நான் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போகலாம் என்று நிற்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அவசரமாக, “வஸ்தா, வஸ்தா” என்று தெலுங்கில் ‘வாரேன்’ சொல்கிறார். அவர் மனைவி, நான் கூப்பிடவே இல்லையே என்கிறார். அது தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை, சிரட்டைக்குள் ஒரு காகிதம் ஆடுகிறது, அவ்வளவுதான். இருந்தும் ஒரு புருஷன் பதில் சொல்லிவிட்டான். நான் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் துணி படபடக்கச் சிரித்து, மூச்சு முட்டி, நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாகிவிட்டது.

அந்தச் சில மாதங்கள் நன்றாக இருந்தன. கோபத்துக்கு ஒரு பட்டன் கேட்டாள், வைத்துக் கொடுத்தேன். அதைத்தான் அதிகம் அமுக்கினாள். குக்கர் விசில் அடித்தால் கூப்பிடுவாள், பால்காரர் வந்தால் கூப்பிடுவாள், சாரல் விழ ஆரம்பித்தால் துணியை எடுக்கச் சொல்லிக் கூப்பிடுவாள். நானும் பழைய மாதிரியே “வாரேன் வாரேன், ஒரு வேலை பாக்க விடுதியா” என்று முனகிக்கொண்டே போவேன். என் காதும் மெல்ல மாறியது. மேலேறி முடியும் சத்தத்துக்கே எழுந்திருக்கப் பழகிவிட்டேன். தெருவில் யார் வீட்டிலாவது இறங்கி முடியும் ‘ஏங்க’ கேட்டால், அந்தப் பெண் தப்பாகச் சொல்கிறாளே என்று தோன்றும்.

பிறகு மறுபடியும் கட்டி வந்தது. இந்தத் தடவை மதுரையில் கத்தியைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், வலிக்கு மருந்து தருகிறோம் என்றார்கள். டாக்டர் என் தோளில் கை வைத்தார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

மில்லில் நூலை முடிச்சுப் போடுவதில் அவள் விரலுக்கு ஈடு கிடையாது என்று சேத்தூர்க்காரி சொல்வாள். அந்த விரலுக்குப் பட்டனை அமுக்கப் பலம் இல்லாமல் போனது. பட்டனின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். அது அமுங்காது. அவள் கண்ணில் நீர் கட்டி நிற்கும். வலியில்கூட அவள் அப்படி அழுததில்லை. கூப்பிட முடியவில்லையே என்றுதான் அழுதாள்.

சில போர்டுகளில் தொட்டாலே உணரும் பின் உண்டு. அதை வாங்கிவந்து மாற்றினேன். பட்டனைக் கழற்றிவிட்டு, ஒரு செம்புத் தகட்டைச் சின்னதாக வெட்டி, ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்து, அவள் வலது கைக்கு அடியில் வரும்படி மெத்தையில் தைத்து வைத்தேன். அமுக்க வேண்டாம், தோல் பட்டால் போதும். தொட்டுக்கொண்டே இருந்தால் மூச்சுவிடும் இடைவெளி விட்டு விட்டுத் திரும்பவும் கூப்பிடும். ஒரு தடவையில் நான் வந்ததே இல்லையே, அதனால்தான் புரோகிராமை அப்படி எழுதினேன்.

அவள் கை தகட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். வேண்டும்போது ஒரு விரலை நகர்த்துவாள். நான் போய், என்ன வேணும் என்பேன். பெரும்பாலும் ஒன்றும் வேண்டியிருக்காது. கடைசி வாரங்களில் என் கண்ணுக்கும் அவள் உதடு கொஞ்சம் கேட்கத் தொடங்கியிருந்தது. ‘சும்மா’ என்பாள். சும்மா கூப்பிட்டேன். நான் வருகிறேனா என்று பார்க்க. கடையைப் பூட்டிவிட்டு அவளோடேயே இருந்தேன். சும்மா கூப்பிட்டதற்கெல்லாம் போனேன்.

அன்றைக்கு வெயில் நன்றாக ஏறியிருந்தது. அடுப்படியில் நின்று, மூக்கில் போட்டிருந்த டியூபில் கொடுப்பதற்குக் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தேன். போர்டு கூப்பிட்டது.

“வாரேன்” என்றேன்.

வடிகட்டியில் கட்டி நின்றுவிட்டது. கரண்டியால் தேய்த்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டது.

“இந்தா, செத்த நேரம் பொறு, வந்துட்டேன்.”

மூன்றாவது தடவை கூப்பிடும்போது கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். உள்ளங்கை முழுவதும் தகட்டின் மேல் கவிழ்ந்து கிடந்தது. எப்போதும் ஒரு விரல்தான் வைப்பாள். “என்ன வேணும்?” என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் போனேன். கழுத்துத் துணியைப் பார்த்தேன். துணி அசையவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போர்டு கூப்பிட்டது.

அதற்குத் தெரிந்தது தகட்டின் மேல் தோல் பட்டிருக்கிறது என்பது மட்டும்தான். அந்தத் தோலுக்குள் ஆள் இருக்கிறாளா, போய்விட்டாளா என்று அதற்குப் பார்க்கத் தெரியாது. கையை லேசாக நகர்த்தினால் சத்தம் நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கினாலும் நின்றுவிடும். எனக்கு இரண்டும் தெரியும், அதை உண்டாக்கியவனே நான்தான். கட்டிலோரத்தில் உட்கார்ந்தேன். கை சூடாகத்தான் இருந்தது. மறுபடி கூப்பிட்டது. மேலேறி, வருவீர்களா என்று கேட்டது. “வந்துட்டேன்” என்றேன். ஒரு மூச்சு இடைவெளி. மறுபடி கேட்டது. “இந்தா இருக்கேன்” என்றேன். அது கேட்கக் கேட்க நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். இதை நிறுத்திவிட்டால் பிறகு யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அம்மா சத்தம் கொடுத்தார்.

“அண்ணே, அக்கா எம்புட்டு நேரமாக் கூப்பிடுதாக, ஒங்க காதுல விழலையா? உள்ள போயி என்னன்னு கேளுங்கண்ணே.”

“கேட்டுட்டேன்மா” என்றேன். “ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா.”

வாசல் கேட்டைத் திறந்துகொண்டு அவர் ஓடிவரும் சத்தம் கேட்ட பிறகுதான், அவள் கையைத் தகட்டிலிருந்து தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.